பிந்தும் சுவர்

ஜெல் குளிரும் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.
ஆனாலும் நல்லதம்பி அண்ணன் சிலிர்த்தார்.
இடப்பக்கம் திரும்பிப் படுங்க,
கையைத் தலைக்கு மேல வைங்க,
மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க.
நாள் முழுக்க மூன்று மொழியில்
பிறர் மூச்சை நிறுத்துவதே என் வேலை.

இருட்டறை. வெளியே
ஜெலுத்தோங் சாலையில் மழை பிடித்திருக்கலாம்.
திரையில் அவர் இதயம்,
விசிறி வடிவச் சாம்பலுக்குள்,
இருக்க வேண்டியதைவிட உருண்டையாக.

நடுச்சுவர் முதலில் துள்ளுகிறது.
எதிர்ச்சுவர் அப்போது சும்மா இருக்கிறது.
இது களைத்துத் தளர்ந்த பிறகு
அது இழுக்கிறது.
இரத்தம் வெளியே போகாமல் உள்ளேயே அலைகிறது,
அரசாங்க அலுவலகத்தில்
ஒரு கவுண்டரிலிருந்து மறு கவுண்டருக்கு
அனுப்பப்படும் ஆளைப் போல.

"என்னம்மா தெரியுது?"

நான் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்வார்.
ஆனால் படிவத்தில் பார்த்திருந்தேன்:
தொழில், பூப்பந்துப் பயிற்சியாளர், புக்கிட் மெர்தாஜாம்.
இரட்டையர் ஆட்டம் மாதிரிண்ணே.
ஒருத்தர் வலைக்கிட்ட போயிட்டார்.
இன்னொருத்தர் இன்னும் கிளம்பல.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எவ்ளோ லேட்டு?"
ஒரு செக்கண்டில் ஆறில் ஒரு பங்கு.
கண்ணை மூடிக்கொண்டார்.
"அதுக்குள்ள பூ தரையில விழுந்துரும்."

அன்று மாலை ஆறு நிறங்களில் கோடு வரைந்தேன்,
சுவரின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று.
நல்ல இதயத்தில் ஆறும்
ஒன்றாகப் பள்ளத்தில் இறங்கி ஒன்றாக ஏறும்.
இவருடைய பச்சைக் கோடு
வால்வு மூடிய பிறகு இறங்கியது,
கடை சாத்தியபின் வந்து நிற்பதுபோல்.

டாக்டர் தியோ எம்ஆர்ஐ படத்தைப் பக்கத்தில் வைத்தார்.
கீழ்ப்பின் மூலையில் வெள்ளையாய் ஒரு திட்டு.
எட்டு வருடம் முன்பு
பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வரும்போது
வாயு என்று நினைத்து
நிற்காமலே அவர் கடந்துபோன வலி.
அங்கே கம்பி வைத்தால்
வெறும் வீட்டின் கதவைத் தட்டுவதாகும்.

எங்கே அதிகம் பிந்துகிறதோ அங்கே வை,
ஆனால் அந்த இடத்தில் உயிர் இருக்க வேண்டும்.
இதை டாக்டர் ஆங்கிலத்தில், பேனாவைக் கடித்தபடி,
சாதாரணமாகத்தான் சொன்னார்.
எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
என் மூத்தவன் ஞாபகம் வந்தது.
அதை அங்கேயே விட்டுவிட்டு
பச்சைக் கோட்டின் இடத்தை வட்டமிட்டேன்.

இதயத்தின் மேல் ஓடும் சிரைகள்
நாம் போட்ட வட்டத்தைக் கேட்டு வளர்ந்தவை அல்ல.
வியாழக்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில்,
அங்கே போக வேண்டிய கிளை
பாதியில் நூலாய் மெலிந்து தீர்ந்துபோனது.
பக்கத்துக் கிளையில் முயன்றார்கள்.
தட்டியதும் அண்ணனுக்கு விக்கல்:
இதயத்துக்குப் பதில் உதரவிதானம் எழுந்துகொண்டது.
கொஞ்சம் பின்னால் இழுத்தார்கள்.
விக்கல் நின்றது. கம்பியும் நின்றது,
என் வட்டத்துக்கு ஒரு விரல் தள்ளி.
கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு
ஏதோ நானே கோட்டைவிட்டதுபோல் வெட்கப்பட்டேன்.

ஆறு மாதம் கழித்து அதே இருட்டறை, அதே குளிர்.
இருபத்திநாலு சதவீதம் இப்போது முப்பத்திமூன்று.
உருண்டை சற்றே நீண்டிருக்கிறது.
மார்க்கெட்டுக்கு நடந்தே போகிறாராம்.
மண்டபத்துப் படிக்கட்டில் மட்டும்
பாதியில் நின்று, பையன்களைத் திட்டுவதுபோல் நடித்து,
பிறகு ஏறுகிறாராம்.

"பச்சை இப்ப எப்படி?"
நிறத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்.
முன்னைக்கு சீக்கிரம்ணே. சேர்ந்துன்னு சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"கிம் ஹோக்கோட பதினோரு வருஷம் ஆடினேன்.
ஒரு தடவைகூட அவன்
வரவேண்டிய நேரத்துக்கு வந்ததில்ல.
மாநிலத்துல ரெண்டாவது வந்தோம்மா நாங்க.
அந்தப் பெனாங் ஜோடிகிட்ட மட்டும்தான்..."

அண்ணே,
பேசினா படம் ஆடுது.